கரண்டு வருவதற்குள்

மணி ஒன்று பத்து. காலையிலிருந்து பாவாயி வாயைத் திறக்கவில்லை, இன்னும் ஐம்பது நிமிஷம் திறக்கக் கூடாது. இரண்டு மணிக்குக் கரண்டு வருகிறவரைக்கும் ஒரு சொல் பேசுவதில்லை என்று காலையில் பல் விளக்கும்போதே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் அங்கன்வாடிக்கு வந்திருந்தாள். ஆயா வேலைக்குச் சேர்ந்த இந்த ஆறு வருஷத்தில் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளைத் தூங்க வைத்தது இன்றைக்குத்தான். ஆயாவுக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, அதுகளும் சோறு தின்ற கையோடு போய்ப் பாயில் விழுந்துவிட்டன. பதினொன்று தூங்கிவிட்டது. இரண்டு தூங்கவில்லை. ஒன்று வாசல் ஓரமாகச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தது, தன்விகா. இன்னொன்று மூலையில் சத்துமாவு மூட்டைமேல் குப்புறக் கிடந்தது, சர்வேஷ். தெருவே அடங்கிக் கிடந்தது. மாசத்துக்கு ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் இரண்டு வரைக்கும் லைன் வேலை என்று கரண்டை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குத்தான் இந்தத் தெருவில் காக்கா இருப்பது ஜனங்களுக்குத் தெரியும். எதிர் ஓட்டுமேல் ஒன்று உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பாவாயிக்கு அது திறப்பது தெரிந்தது, மூடுவது தெரிந்தது, நடுவில் வந்த சத்தம் மட்டும் வந்து சேரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டிய காது. அதை யாரிடமும் சொன்னதில்லை, டீச்சரிடம் சொன்னதே இல்லை, சொன்னால் செவிட்டு ஆயா எதற்கு என்று நிறுத்திவிடுவார்கள். சரி, அதை விடு, மணியைப் பார். ஒன்று பன்னிரண்டு.

போன மாசம் பத்து நிமிஷம் முந்தியே வந்துவிட்டது. இரண்டு மணி என்று சொல்வார்கள், அவர்கள் கம்பத்திலிருந்து இறங்கினால் விடுவார்கள், அதற்கு என்ன கணக்கு. முந்தி வந்தால்? அதனால்தான் பாவாயி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலைக்குமேல் ஃபேனைப் பார்த்தபடி. ஃபேன் இறக்கை அசைந்தால் கரண்டு வந்துவிட்டது. அசைந்த உடனே தறி ஓடாது, பட்டறையில் படுத்திருக்கிறவர்கள் எழ வேண்டும், மோட்டாரைப் போட வேண்டும், பிறகுதான் கைப்பிடியை இழுப்பார்கள், அதற்குள் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு கிடைக்கும். அந்த இரண்டு மூச்சுக்குள் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி, நடுவில் இருப்பது ஒரே சுவர். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடலாம்தான், ஆனால் சிமெண்டு ஓட்டுக்குக் கீழே ஃபேன் இல்லாமல் கதவையும் சாத்தினால் பதினொன்றும் வெந்துபோகும். கோகிலாவைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். தன்விகாவைப் பெற்றவள்தானே, சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறாவது தறி அவளுடையதுதானே. ஆனால் கரண்டு இல்லாத நாளில் பட்டறைப் பொம்பளை ஒருத்தி வீட்டில் இருப்பாளா, மாசத்து அழுக்கையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டாள், இரண்டு மணிக்கு நேராகத் தறிக்குத்தான் வருவாள். டீச்சரும் இல்லை. ஜெயசுதா டீச்சர் ரிஜிஸ்டர்களைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “பாவாயக்கா, போன மாசம் மாதிரி அந்தப் புள்ள இன்னொரு வாட்டி தெருவுக்கு ஓடுச்சுன்னா நான் வெச்சுக்க மாட்டேன். கோகிலாகிட்டயும் சொல்லிட்டேன். பாவந்தான், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான கேப்பாங்க.” கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கிற நாள் ஆகையால் பாவாயி தலையை மட்டும் ஆட்டினாள்.

வெச்சுக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? தறிக் காலுக்குத்தான் போகும். இங்கே சேர்க்கிறதுக்கு முன்னால் அங்கேதான் கிடந்தது, பழைய சேலையைக் கிழித்து இடுப்பில் ஒரு சுற்று, தறிக் காலில் ஒரு சுற்று. கோகிலாவைச் சொல்லிக் குற்றமில்லை, நூலை இழுத்துக்கொண்டு பாய்கிற நாடாக்கட்டை ஒன்று எகிறி வந்தால் பிள்ளை நெற்றியில் அடிக்கும், கட்டாமல் என்ன செய்வாள். ஆனால் பிள்ளை அந்தக் கட்டைப் பிடுங்கிப் பிடுங்கி முடியாமல் தன் கையையே கடித்துக்கொண்டிருக்கிறது. இடது மணிக்கட்டில் பல் தடம் வரிசையாக இன்னும் இருக்கிறது, இத்தனை நாள் கழித்தும் புளியங்கொட்டை மாதிரி கருத்து. சோறு ஊட்டும்போது பாவாயி அதைப் பார்க்காமல் பார்ப்பாள். ஊட்டுவது என்ன ஊட்டுவது, சாதம் தனி, பருப்பு தனி, ஒன்றோடு ஒன்று தொட்டுவிட்டால் தட்டையே தள்ளிவிடும். சட்டைக்குப் பின்னால் தைத்திருக்கிற துணித்துண்டு கழுத்தில் உரசினால் அழும், பாவாயிதான் பிளேடு எடுத்து ஒவ்வொரு சட்டையிலும் அறுத்துவிட்டாள். குக்கர் விசில் ஆகாது, ஈரக்கை ஆகாது, லேசாகத் தடவினால் நெருப்புப் பட்டதுபோல உதறும். மூலையில் கிடக்கிறதே, அது நேர் எதிர். சர்வேஷுக்கு எதுவும் போதாது. சுவரில் போய் மோதிவிட்டுச் சிரிப்பான், விழுந்து முட்டி கிழிந்தாலும் எழுந்து அதே இடத்தில் இன்னொரு தரம் விழுந்து பார்ப்பான், கட்டிப்பிடித்தால் இன்னும் இன்னும் என்பான். ஒரு நாள் தவறுதலாகச் சத்துமாவு மூட்டை அவன் காலில் சாய்ந்துவிட்டது, பாவாயி பதறிப்போய்த் தூக்கப் போனால் அவன் அதைக் கட்டிக்கொண்டு, கடைவாயில் எச்சில் ஒழுக, பால் குடித்த பிள்ளை மாதிரி கிடந்தான். அன்றிலிருந்து அவனுக்கு மூட்டை. பிள்ளைகளைப் பார்க்க வந்த நர்சம்மாவிடம் கேட்டதற்கு, ஒருத்தருக்கு ஒரு மிளகாய்க்கே கண்ணில் தண்ணி வருது, ஒருத்தருக்கு அஞ்சு கிள்ளிப் போட்டாலும் உறைக்கல, அந்த மாதிரித்தான், நாக்குக்குப் பதிலா காது, தோலுன்னு வெச்சுக்குங்க, ரெண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டச் சொல்லுங்க என்றாள். நல்ல புள்ள, விளங்குகிற மாதிரி சொன்னாள். ஆனால் ஒரே அடுப்பில் ஒரே குழம்பு வைத்து இரண்டு பேருக்கும் எப்படி ஊற்றுவது என்று சொல்லாமல் போய்விட்டாள்.

ஒன்று இருபத்தைந்து. ஃபேன் அசையவில்லை. போன மாசமும் இதே வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்குக் கண் சொருகியது, அதற்குள் சுவர் அதிர்ந்தது. பாவாயிக்குத் தறிச்சத்தம் காதில் வருவதற்கு முன்னால் உட்காருகிற இடத்தில் வந்துவிடும். திரும்பினால் தன்விகா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். உடனே பாவாயி செய்தது பட்டறைக்காரி செய்வது. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கிற கழிவுப் பஞ்சை எடுத்து உருட்டிப் பிள்ளை காதில் திணித்தாள். எத்தனை பேருக்குத் திணித்திருக்கிறாள், புதிதாகத் தறிக்கு வருகிற பெண் பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாள் அதுதானே. பஞ்சு பட்டதும் பிள்ளை தேள் கொட்டியதுபோலத் துள்ளியது. பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல சாமி, ஆயா இருக்கறேன் என்றாள். எப்படிச் சொன்னாள்? மெல்லத்தான் சொன்னாள். மெல்லச் சொன்னதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பிள்ளை அவள் கையைக் கடித்துவிட்டுக் கக்கத்துக்குக் கீழே நுழைந்து தெருவில் விழுந்து ஓடியது, நூல் சுற்றிய பாவு உருளை கட்டிய மொபெட் ஒன்று வந்தது, ஓட்டினவன் புண்ணியவான், சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினான். டயருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாண். அந்த ஒரு சாணைப் பாவாயி இன்றைக்கு வரைக்கும் எங்கே உட்கார்ந்தாலும் தரையில் பார்க்கிறாள். டீச்சர் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, தறிச்சத்தம் கேட்டுப் பயந்து ஓடிருச்சுங்க டீச்சர் என்று சொல்லிவிட்டாள்.

பொய்யா அது? அன்றைக்குப் பொய் இல்லை. நாலு நாளைக்கு முன்னால் டீச்சர் பிள்ளைகள் பாட்டுப் பாடுவதை செல்போனில் எடுத்தாள், சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்து, இங்க பாருங்கக்கா நம்ம புள்ளைங்கள என்று காட்டினாள். சத்தம் பாவாயிக்கு நூல் நூலாகத்தான் வந்தது, அதனால் படத்தையே பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருக்கிற நேரம் அது, சுவரில் ஒட்டிய கலர்க் காகிதமெல்லாம் நடுங்குகிறது. தன்விகா காதைப் பொத்தவில்லை. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பிறகு படத்தின் ஓரத்தில் ஒரு பொம்பளை வந்து, கை தட்டுங்க கண்ணுகளா என்று வாயைத் திறந்தாள். முன்வரிசையில் நாலு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. தன்விகா கை இரண்டும் காதுக்குப் போனது. அந்தப் பொம்பளை வாயை மூடியதும் கை இறங்கியது. மறுபடி திறந்தாள், மறுபடி ஏறியது. பாவாயி இன்னொரு தரம் போடுங்க டீச்சர் என்றாள். டீச்சர் போட்டாள். ஏறியது, இறங்கியது. எவளோ ஒருத்தி என்று நினைக்கலாமென்றால் சேலை தன்னுடையது, மஞ்சளில் அரக்குக் கரை. தறிக்கு நடுவில் நின்று பேசிப் பேசி இந்த ஊரில் எல்லாருக்கும் குரல் அந்த உயரத்தில்தான் நிற்கும், கல்யாண வீட்டிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான், ஆனால் மற்றவர்கள் ஒரு பிள்ளையின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து தறிக்குப் பக்கத்தில் கிடந்தது, ஓடுகிற தறிக்கு அது ஏன் தெருவுக்கு ஓடப்போகிறது. அது தறியைக் கண்டு ஓடவில்லை. அதற்குமேல் அந்த நினைப்பை அவளால் ஓட்ட முடிவதில்லை, நூல் அறுந்த தறி மாதிரி அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். நேற்றுச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குக் காலையில், செருப்பை மாட்டும்போது. சொன்னால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும், காதைச் சொன்னால் வேலை. ஒரு பிள்ளையைத் தறிக் காலில் கட்டவிட்டுவிட்டுத்தான் இந்த வேலை இருக்க வேண்டுமா.

ஆனாலும் சத்தத்துக்குச் சுருண்டதும் நிஜம். ஓடுகிற தறிக்குச் சும்மா இருக்கிற பிள்ளை, ஓட ஆரம்பிக்கிற தறிக்கு ஏன் சுருள்கிறது? ஒன்று நாற்பது. பாவாயி வலது ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டாள், பயம் வந்தால் தேய்ப்பாள். அந்த விரலுக்கு நகம் இல்லை, நகம் இருக்க வேண்டிய கணுவே இல்லை. அறுந்த இழையைச் சேர்க்கக் கையை உள்ளே விட்டிருந்தாள், அந்தப் பக்கம் நின்ற புதுப் பையன் தட்டாமல் கைப்பிடியை இழுத்துவிட்டான். தட்ட வேண்டும். தறி ஓடுகிற ஊரில் அதுதான் முதல் பாடம், வாயால் சொன்னால் எவருக்குக் கேட்கும், இழுப்பதற்கு முன்னால் நாடாவால் தறிச் சட்டத்தில் இரண்டு தட்டு. உள்ளே கை விட்டவள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்ட வேண்டும். கை இரண்டும் மேலே தெரிந்த பிறகுதான் இழுக்கலாம். விரல் போன வலி மறந்துவிட்டது, ஆனால் இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் எவராவது சட்டென்று கதவைத் திறந்தால் நெஞ்சு ஒரு குதி குதிக்கும், அது மறக்கவில்லை. ஆச்சு பதினைந்து வருஷம். தறி சொல்லிவிட்டு வந்திருந்தால் ஒன்றும் இல்லை. சொல்லாமல் வந்தது. பாவாயி தேய்த்த விரலை அப்படியே பிடித்துக்கொண்டு தன்விகாவைப் பார்த்தாள். கரண்டு நின்று வருகிற நாளில் எந்தத் தறிக்குள்ளும் யார் கையும் இருக்காது, அதனால் எவரும் தட்ட மாட்டார்கள். பதினாறும் சொல்லாமல்தான் வரும்.

அந்த நேரம் பார்த்துச் சர்வேஷ் எழுந்தான். மூட்டை அலுத்துவிட்டது அவனுக்கு. எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் ஓங்கி ஓர் அடி. பாவாயிக்கே கேட்டது. தன்விகா கை காதுக்குப் போய்விட்டது, குதிகால் தரையைத் தேய்க்கிறது, அது ஓடுவதற்கு முந்தின தேய்ப்பு. டேய் என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினாள். அவன் தட்டைப் பிடுங்கினால் அவன் சுவரில் மோதுவான், விட்டால் இவள் போய்விடுவாள். பாவாயி முட்டி போட்டு நகர்ந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, சர்வேஷ் கையைத் தட்டோடு அழுத்திப் பிடித்தாள், அவனுக்குப் பிடித்த அழுத்து. மொட்டை விரலால் தரையில் இரண்டு தட்டினாள். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். தூக்கின கைக்காக அவனை விட்டதும் அவன் ஓங்கி அடித்தான். தன்விகா உதறினாள், ஆனால் பார்த்தாள். மறுபடி அவன் கையைப் பிடித்தாள். இரண்டு தட்டு. கை மேலே. விட்டாள். அடி. சர்வேஷ் சிரித்தான், இப்படி ஒரு விளையாட்டு இருக்கும் என்று அவனுக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ, பாவாயி தட்டப் போகும்போது தரையில் வேறு ஒரு விரல் முந்திக்கொண்டது. சின்ன விரல். இரண்டு தட்டு. தட்டிவிட்டு அந்த விரல் ஓடிப்போய்க் காதில் ஒட்டிக்கொண்டது. சர்வேஷ் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அடித்தான். அவள் உதறவில்லை. அவள் சொல்லித்தான் அந்தச் சத்தம் வந்தது.

பாவாயிக்கு மூக்கு நுனி காந்தியது. அழுவதற்கு இதுவா நேரம், மணியைப் பார், ஒன்று ஐம்பத்திரண்டு, போன மாசம் வந்த நேரம் தாண்டிவிட்டது. ஃபேனைப் பார்த்தாள். அசையவில்லை. ஃபேனிலிருந்து கண் தன்னால் சுவருக்கு இறங்கியது, சுவரிலிருந்து சுவிட்சுக்கு. சுவிட்சு அணைந்திருந்தது. டீச்சர் வெளியே போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவாள், கரண்டு ஏறி வந்து எரிந்துவிடும் என்று. அது தெரிந்ததுதானே, தெரிந்தும் முக்கால் மணி நேரமாக அணைத்த ஃபேனையா பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டு எப்போதோ வந்திருந்தால்? அந்தப் பக்கம் மோட்டார் இப்போதே முனகிக்கொண்டிருந்தால்? அந்த முனகல் அவள் காதுக்கு வராது. சுவிட்சு அறைக்கு அந்தக் கோடியில் இருக்கிறது, நடுவில் பதினொரு பிள்ளை, தாண்டிப் போனால் வாசல் திறந்து கிடக்கும். போவதா, உட்காருவதா. உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். சுவர் குளிர்ந்து கிடந்தது, அதிர்கிறதா, அதிர்வது தன் கைதானா. பாதி எழுந்தாள். எழுந்த முட்டியில் ஏதோ பட்டது.

இரண்டு தட்டு.

குனிந்து பார்த்தாள். தன்விகா ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு விரலை அவள் முட்டிமேல் வைத்திருந்தாள். யாரையும் தொடாத பிள்ளை. முகம் வெளுத்து, மேலுதடு நடுங்கி, கண் மட்டும் பாவாயி கையையே பார்த்தது. எதற்குப் பார்க்கிறது? பிறகு விளங்கியது. கையைத் தூக்கக் காத்திருக்கிறது. தன் காதில் விழுந்த மோட்டார் முனகல் இந்தக் கிழக் காதில் விழாது என்று அது எப்போது கண்டுபிடித்தது? பாவாயி அப்படியே உட்கார்ந்து, ஒன்பதரை விரலையும் விரித்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். மூலையில் சர்வேஷும் தூக்கினான். சுவர் அதிர்ந்தது.

ஒரு தறி, மூன்று தறி, மளமளவென்று எல்லாம். பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது, கண்ணை இறுக்கிக்கொண்டது, பாவாடை நனைந்து தரையில் ஓடியது. குதிகால் தேய்த்தது, தேய்த்தது, தேய்த்துக்கொண்டே இருந்தது. எழவில்லை. பாவாயி தூக்கின கையை இறக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. கோகிலா. ஈரத் துணி மூட்டை இடுப்பில் சொட்டச் சொட்ட, ஒரு காலில்தான் செருப்பு. வாய்க்கால் மேட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது, கண் முதலில் தெருவைப் பார்த்தது, பிறகுதான் உள்ளே பார்த்தது. பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். பாவாயி மொட்டை விரலை உதட்டில் வைத்தாள். தறிச்சத்தத்துக்கு நடுவில் பொம்பளைகள் பேசுவதற்குக் குரல் எதற்கு, உதடு போதாதா, இருபத்திரண்டு வருஷம் அப்படித்தானே பேசினாள், அதை ஏன் இங்கே வந்ததும் மறந்தாள். குரலே இல்லாமல் உதட்டால் சொன்னாள்.

“போன மாசம் இவ தறிக்குப் பயந்து ஓடல, கோகிலா. நான் கத்துனதுக்கு ஓடுனா. எனக்குக் காது கேக்கறதில்ல. டீச்சர்கிட்டச் சொல்லிப்போடறேன்.”

கோகிலா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிப் படியில் குட்டை கட்டியது. என்ன சொல்வாளோ என்று பாவாயி கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தாள். கடைசியில் அந்த உதடும் சத்தமில்லாமல் அசைந்தது.

“நான் மட்டும் என்ன, வூட்ல மெதுவாவா பேசறேன்?”

பாவாயி இன்னும் ஒன்று சொன்னாள், கையாலும் உதட்டாலுமாக, சுவரைக் காட்டி. கோகிலா முதலில் புரியாமல் நெற்றியைச் சுருக்கினாள், பிறகு அந்த மொட்டை விரலைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். பட்டறைக்காரிக்கு அதைப் புரிய வைக்க எவ்வளவு நேரம் ஆகும். மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனாள். பதினைந்து தறி ஓடிக்கொண்டிருந்தது, பதினாறாவது அவளுக்காக நின்றது. பாவாயி உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் காத்திருந்தாள். அத்தனை அதிர்வுக்கு நடுவில் இரண்டு மட்டும் தனியாக வந்தது. இரண்டு தட்டு, தறிக்காரி தட்டு, உள்ளங்கையில் இறங்கியது. சுவரில் ஒட்டியிருந்த சின்ன முதுகிலும் இறங்கியிருக்க வேண்டும். தன்விகா கண்ணைத் திறந்தாள். சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காதைப் பொத்தியிருந்த கை இரண்டையும், ஒட்டியதைப் பிய்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து, தலைக்குமேல் தூக்கினாள்.